பச்சை ஃபைலில் இருப்பது என் ரத்தம் இல்லை

பிரபு,

நீ காட்டுப்பள்ளிக்கு டியூட்டிக்குக் கிளம்பிய கையோடு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாள். காயத்ரி உள்ளே படுத்திருக்கிறாள். ஐந்தாம் மாதம், பகலிலும் தூக்கம் வருகிறது பாவம். நான் எழுதுவதை எட்டிப்பார்க்க ஆள் இல்லை என்று இரண்டு தடவை எழுந்து பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன். சிரிக்காதே. முப்பத்திரண்டு வருஷம் கும்மிடிப்பூண்டியில் இரும்பு அடிக்கும் கம்பெனியில் இன்ஸ்பெக்டராக இருந்தவன் வேறு எப்படி இருப்பான்? எவன் எந்தப் பீஸில் என்ன குறையை மறைத்துத் தள்ளப் பார்க்கிறான் என்று தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். நான் ரிட்டையர் ஆகிவிட்டேன், அந்தப் புத்தி ஆகவில்லை.

இந்த இரண்டு மாதமாக வீட்டில் எல்லோரையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீயும் அம்மாவும் சமையலறையில் பேசுகிற பேச்சு நான் வந்ததும் நின்றால், எதை மறைக்கிறார்கள் என்று மனசு உடனே அங்கே போய் நிற்கிறது. "சும்மா ஒரு கட்டி நைனா, எடுத்துட்டா சரியாப்பூடும்" என்று நீ சொன்னாய். நீ குளிக்கப் போன நேரத்தில் உன் பையைத் திறந்து ஆஸ்பத்திரிக் காகிதங்கள் அத்தனையையும் படித்துவிட்டேன். கணையத்தில் புற்றுநோய் என்று எனக்குத் தெரியும். தெரியாதவன் போல உன்னிடம் நடித்தேன். நீ மறைத்ததைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற திருப்தியில், வியாதியின் பயம்கூட ஒரு நாள் தள்ளிப்போனது என்றால் நம்புவாயா? ஆனால் இந்த வீட்டில் பெரிய மறைப்பு உன்னுடையது இல்லை. என்னுடையது.

திங்கட்கிழமை என்னை வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக எல்லா ஏற்பாடும் செய்துவிட்டாய். பீரோ மேலே பச்சை ஃபைல் தயாராக இருக்கிறது. அதைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை நீ படித்துவிட வேண்டும். அந்த ஃபைலில் என் பேரில் பதினோரு வருஷத்துக் கம்பெனி மெடிக்கல் ரிப்போர்ட் இருக்கிறது. அதில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. எல்லாம் தேவராஜின் ரத்தம். நீ ஆஸ்பத்திரியில் எல்லோர் முன்னாலும் திட்டி அனுப்பினாயே, அதே தேவராஜ்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் அன்றைக்கு நீ கோபத்தில் பாதியைக் காதில் வாங்கவில்லை. சென்னையில் அந்த சர்ஜன் அம்மா காகிதத்தில் படம் வரைந்து காட்டினார், ஞாபகம் இருக்கிறதா? கணையத்தின் தலைப்பக்கம் கட்டி. அது பித்தக்குழாயை நெருக்கியதால்தான் உடம்பு மஞ்சளானது. குழாய்க்குள் சின்னதாக ஒரு ஸ்டென்ட் வைத்து அடைப்பை நீக்கினார்கள், மஞ்சள் இறங்கியது. கட்டி இன்னும் பெரிய ரத்தக்குழாயைப் பிடிக்கவில்லை, இப்போதே செய்தால் வெட்டி எடுக்கலாம் என்றார். அதுவரை நீ தலையாட்டிக்கொண்டுதான் இருந்தாய். அதற்குப் பிறகு ஈரலுக்கு வந்தார். "கணையம் மட்டும்னா நான் இன்னிக்கே தேதி குடுத்துடுவேன். இவரோட ஈரல் இறுகிப் போயிருக்கு. ரத்தத்துல ஹெபடைடிஸ் பி வைரஸ் இருக்கு. ரொம்ப வருஷமா உள்ளயே இருந்து கெடுத்திருக்கணும். இது பல மணி நேரம் நடக்கற ஆபரேஷன். ஈரல் பலமில்லைன்னா ரத்தம் நிக்காது, ஆபரேஷன் நல்லா முடிஞ்சாலும் அப்புறம் ஈரல் கைவிட்டுடும். எவ்வளவு தாங்கும்னு பாக்காம நான் கத்தி வைக்க மாட்டேன்" என்று சொல்லி, வைரஸை அடக்க மாத்திரை எழுதினார். உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் புடைத்திருக்கின்றனவா என்று பார்க்க எண்டோஸ்கோபிக்கும் எழுதினார்.

நீ அப்போதுதான் பச்சை ஃபைலைத் திறந்து அவர் மேஜையில் வைத்தாய். "மேடம், பதினோரு வருஷமா கம்பெனியில செக்கப் பண்ணிக்கினு இருக்காரு. ஒவ்வொரு வருஷமும் ஈரல் நார்மல், வைரஸ் நெகட்டிவ். உங்க லேப்ல ஸாம்பிள மாத்திட்டாங்க" என்றாய். அவர் பொறுமையாக மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார். மறுபடியும் அதே பதில் வந்தது. "அதே லேப் வேற இன்னா சொல்லும்?" என்று எழுந்துவிட்டாய். எண்டோஸ்கோபிக்குக் கையெழுத்துப் போடவில்லை. மாத்திரையை வாங்கி டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டாய். நாம் கதவைத் தாண்டும்போது அவர் சொன்னார், நான் கேட்டேன், நீ கேட்டாயா தெரியாது: "நாள் தள்ளாதீங்க. ஈரலை நாம சரி பாத்துக்கிட்டு வர்றதுக்குள்ள கட்டி தாண்டிப் போயிடக் கூடாது." அதைச் சொல்லி மூன்று வாரம் ஆகிறது.

நீ அவரோடு வாதாடியபோது எனக்குள்ளே ஒரு பெருமை வந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ரிப்போர்ட்டைக் காட்டு, திரும்ப டெஸ்ட் பண்ணு, அதே லேப் ஆகாது, எல்லாம் நான் உனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். நீ ஏழாவது படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கம்பெனிக்குக் கூட்டிப்போனேன். சப்ளையர் அனுப்பிய இரும்புக் கம்பி, கூடவே அச்சடித்த சர்டிபிகேட், சீல், கையெழுத்து எல்லாம் பக்கா. நான் கம்பியை அறுத்து டெஸ்ட் பண்ணிக் காட்டினேன். உள்ளே இருந்தது வேறு சரக்கு. "பேப்பர நம்பாத பிரபு, பீஸ அறுத்துப் பாரு" என்றேன். நீ அதைப் பெரியவனானதும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். இப்போது பீஸ் உன் பக்கத்து நாற்காலியில் இளைத்து உட்கார்ந்திருந்தது, நீ பேப்பரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன்மேல் தப்பில்லை. அது உன் நைனாவின் பேப்பர், அதை நீ எப்படிச் சந்தேகப்படுவாய்?

இது தொடங்கியது நீ நாலாவது படிக்கும்போது. கம்பெனியில் ரத்ததான முகாம் போட்டார்கள். பிஸ்கெட்டும் ஜூஸும் கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன். இருபது நாள் கழித்து, வந்து பார்க்கவும் என்று ஒரு கடிதம் வந்தது. தனியாகத் திருவள்ளூர் ஆஸ்பத்திரி ரத்த வங்கிக்குப் போனேன். ஒரு பெண் கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொல்லி எடுத்துச் சொன்னாள். ரத்தத்தில் இந்த வைரஸ் இருக்கிறது, பயப்பட வேண்டாம், கூடச் சாப்பிட்டால் ஒட்டாது, தொட்டால் ஒட்டாது, ரத்தம் வழியாகவும் புருஷன் பெண்டாட்டி உறவிலும்தான் போகும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து ஈரலைப் பார்த்துக்கொள்ளுங்கள், மனைவியையும் பையனையும் கூட்டி வாருங்கள், அவர்களுக்கு இல்லையென்றால் தடுப்பூசி போட்டுவிடலாம் என்றாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அந்தப் படியை நான் மிதிக்கவே இல்லை.

ஏன் என்று கேட்பாய். அந்த வாரம் டீக்கடையில் ஒரு பேச்சு அடிபட்டது. காக்களூரில் ஒரு பட்டறையில் ஃபிட்டர் ஒருவனுக்கு மெடிக்கலில் காமாலைக் கிருமி என்று வந்ததாம், திங்கட்கிழமையிலிருந்து வராதே என்று கம்பெனி கேட்டிலேயே நிறுத்திச் சொல்லிவிட்டார்களாம். நான் எதையும் விசாரிக்காமல் நம்பாதவன். ஒரு போல்ட்டைக்கூட இரண்டு தடவை அளப்பவன். அந்தப் பேச்சை மட்டும் அப்படியே நம்பினேன். அந்த ஃபிட்டர் யார், உண்மையிலேயே அதற்காகத்தான் அனுப்பினார்களா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மாவையும் உன்னையும் டெஸ்டுக்குக் கூட்டிப்போனால் எங்கிருந்து வந்தது என்று கேள்வி வரும், கேள்வி வந்தால் வெளியே போகும், வெளியே போனால் கேட்டுக்கு வரும். இப்படித்தான் கணக்குப் போட்டேன். எனக்கு வியாதியைப் பார்த்து வந்த பயத்தைவிடக் கேட்டைப் பார்த்து வந்த பயம் பெரிதாக இருந்தது.

வீட்டில் நான் செய்ததெல்லாம் என்ன தெரியுமா? என் ஷேவிங் செட்டை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். உனக்கு மீசை அரும்பியபோது அதை எடுக்க வந்தாய், கையைத் தட்டிவிட்டேன். "ஒரு ரேசர் குடுக்க மாட்டியா நைனா நீ?" என்று கேட்டுவிட்டு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நைட் ஷிப்ட் பழக்கம், தூக்கம் வரவில்லை என்று சாக்குச் சொல்லிப் படுக்கையை ஹாலுக்கு மாற்றினேன். உன் அம்மா சந்தேகப்பட்டாள். எனக்கு வேறு யாரோ இருக்கிறார்கள் என்று ஆரணியில் அவள் அக்காவிடம் அழுதிருக்கிறாள், எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் நிம்மதியாக இருந்திருப்பாள். சொல்லவில்லை. கெட்டவன் என்று நினைத்துக்கொள்ளட்டும், நோயாளி என்று தெரிய வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

நீ ஒன்பதாவது போன வருஷம் கம்பெனிக்கு முதல் முதலாக மெடிக்கல் வேன் வந்தது. எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை கட்டாயம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. தேவராஜ் ஹாமர் மெஷினில் வேலை செய்பவன், கேன்டீனில் என் எதிரில் உட்காருவான். அவனிடம் நானாகச் சொல்லவில்லை, அவனாக நோண்டி நோண்டிக் கேட்டு வாங்கிவிட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தான். "இன்னாண்ணே, ஒரு சிரிஞ்சி ரத்தத்துக்கா இப்டி பேஜாராயிக்கினு கீற? உன் கார்ட குடு, நான் போய் உக்காந்துக்குறேன். என்னுது நல்ல ரத்தம், கேரண்டி." காலை ஷிப்ட்டில் அவன் பேரில் இடது கையை நீட்டினான். சாயந்தரம் ரத்தம் எடுக்கிற ஆள் மாறியதும் என் ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என் பேரில் வலது கையை நீட்டினான். வரிசையில் முந்நூறு பேர் நிற்கும்போது போட்டோவை யார் பார்க்கிறார்கள்? அவனுக்கும் மீசை, எனக்கும் மீசை. வருஷத்துக்கு ஒரு தடவை, பதினோரு வருஷம்.

ரிப்போர்ட் வரும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ஒரே ஆளின் ஒரே நாள் ரத்தம், இரண்டு தாளில் எண்கள் கொஞ்சம் கொஞ்சம் மாறியிருக்கும். லேப்காரன் சரியில்லை என்று தேவராஜிடம் குறை சொன்னேன்! "நீ பண்ற வேலைக்கு லேப்ப வேற கொற சொல்லுவியாண்ணே?" என்று அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நாலாவது வருஷம் அவனுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்தது. என் பேரிலும் வந்தது. உன் அம்மா அந்தத் தாளை எப்படியோ பார்த்துவிட்டாள். "கம்பெனி பேப்பர்லயே போட்டுக்கீறான், சக்கர கீதாம். இனிமே உனுக்குக் காபில சக்கர கெடயாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். தேவராஜின் சர்க்கரைக்காக ஏழு வருஷம் நான் கசப்புக் காபி குடித்தேன், பிரபு. அவன் கேன்டீனில் என் எதிரில் இரண்டு ஸ்பூன் போட்டுக் குடிப்பான்.

சிரித்தது போதும். போன வருஷம் எனக்கே உண்மையாகச் சர்க்கரை ஏறியது. உடம்பு இளைத்தது, நீ பக்கத்து லேபில் பார்த்துவிட்டு, "பழைய சுகருதான் நைனா, கொஞ்சம் ஏறிக்கீது" என்றாய். வீட்டில் யாருக்கும் அது புதுசாகத் தெரியவில்லை. அது என் சொந்தச் சர்க்கரை, இதற்கு முன்னால் எனக்கு இருந்ததே இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறக்கவில்லை. சர்ஜன் அம்மா கேட்டார், எத்தனை வருஷமாகச் சுகர் என்று. உன் அம்மா ஏழு வருஷம் என்றாள். அவர் எழுதிக்கொண்டார். இந்த வயதில் திடீரென்று சர்க்கரை வந்து உடம்பும் இளைத்தால் சில பேருக்கு அது கணையக் கட்டியின் அடையாளமாக இருக்கும், உங்களுக்குப் பழைய சுகர் என்பதால் யாருக்கும் தோன்றியிருக்காது என்று அவர் பாட்டுக்குச் சொன்னார். நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். போன வருஷமே வாயைத் திறந்திருந்தால் ஒருவேளை பல மாதம் முன்னாலேயே இதைப் பிடித்திருக்கலாம்.

மஞ்சள் வந்தபோதும் பார், நேராக டாக்டரிடம் போகவில்லை. காமாலை என்றதும் எனக்குப் பழைய கடிதம் ஞாபகம் வந்துவிட்டது. ரத்தம் எடுப்பார்களே என்று பயந்து, உனக்குச் சொல்லாமல் ஆட்டோ பிடித்து ஆந்திரா பார்டர் தாண்டிப் போனேன். அங்கே ஒருவர் கையில் பச்சிலை தேய்த்துச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவிவிடுவார், காமாலை இறங்கித் தட்டில் தண்ணீர் மஞ்சளாகும். மூன்று வாரம் போனேன். தண்ணீர் மஞ்சளாகிக்கொண்டே இருந்தது, நானும் மஞ்சளாகிக்கொண்டே இருந்தேன். கடைசியில் இன்ஸ்பெக்டர் புத்தி முழித்தது. ஆட்டோக்காரனைக் கூப்பிட்டு, இவனுக்கும் கழுவு என்றேன். அவன் கல்லு மாதிரி இருப்பான். அவன் தண்ணீரும் மஞ்சளானது. "ஆட்டோக்காரனுக்கும் உள்ள கீது நைனா, இன்னும் வெளிய வரல, அவ்ளோதான்" என்றார் அந்த ஆள். திரும்பி வரும் வழியெல்லாம் பொய் டெஸ்ட் பண்ணி ஊரை ஏமாற்றுகிறான் என்று ஆட்டோக்காரனிடம் பொரிந்து தள்ளினேன். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் நான் யாரைத் திட்டிக்கொண்டு வந்தேன் என்று உறைத்தது.

தேவராஜைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அவன் ஏன் இதைச் செய்தான் என்று எனக்குப் புரியவே இல்லை. சும்மா ஒருவன் இன்னொருவனுக்காக ஊசி குத்திக்கொள்வானா? என்றைக்காவது ஒன்றைக் கேட்டு வருவான் என்று காத்திருந்தேன். அவன் பெண்ணுக்கு வேலை கேட்பான் என்று பார்த்தேன், கேட்கவில்லை. மூன்றாவது வருஷம் என்னால் பொறுக்க முடியவில்லை. அவன் அடித்த ஒரு லாட் பீஸ் முழுவதையும் ரிஜெக்ட் பண்ணினேன். அளவெல்லாம் சரியாக இருந்தது. இப்போதாவது வாயைத் திறந்து, உனக்காக நான் என்ன செய்தேன் தெரியுமா என்று கேட்கிறானா பார்க்கலாம் என்றுதான் செய்தேன். அவன் சிலிப்பை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரிண்ணே, பிரிச்சிப் பாத்துட்றேன்" என்று இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு பீஸாக அளந்தான். நல்ல பீஸை ரிஜெக்ட் பண்ணியது என் சர்வீஸில் அந்த ஒரு தடவைதான். அடுத்த வருஷம் வேன் வந்தபோது அவனே வந்து, "கார்ட குடுண்ணே" என்றான். அதற்கு மேல் அவனைச் சந்தேகப்பட எனக்கு வழி தெரியவில்லை.

அவனைத்தான் நீ, பச்சை ஃபைலைத் தேடி எடுப்பதற்கு முன்னால், அன்றைக்கு வார்டில் நிற்கவைத்துப் பேசினாய். டாக்டர் குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டதிலிருந்து உன் பார்வை மாறியிருந்தது, எனக்குத் தெரியும், சப்ளையர்களை நான் பார்க்கிற பார்வை அது. அவன் லோக்கல் ட்ரெயின் பிடித்துச் சாத்துக்குடிப் பையோடு வந்து நின்றான். சின்ன வயதிலிருந்து மாமா மாமா என்று கூப்பிட்டவனை, "யோவ், இன்னாத்துக்கு இங்க வந்துக்கினு கீற? ஷிப்ட் முடிஞ்சி ரெண்டு பேரும் எங்க போய்க்கினு இருந்தீங்கன்னு எனக்குத் தெரியாதா? எங்க நைனா ஈரல் போனதே உன்னாலதான்" என்றாய். வார்டே திரும்பிப் பார்த்தது. அவன் சர்ச்சுக்குப் போகிறவன், குடி வாசனையே அவனுக்கு ஆகாது. "இல்ல தம்பி" என்று ஆரம்பித்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் சொல்லிவிடுவேன் என்று பார்த்தான். நான் தூங்குகிறவன் போலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சரி தம்பி. நான் வரல. அண்ணன் முழிச்சிக்கினா இத்த உரிச்சிக் குடு" என்று சொல்லிப் பையைக் கட்டிலுக்குக் கீழே வைத்த சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் கதவுவரை போனது. முப்பத்திரண்டு வருஷத்தில் நான் எத்தனையோ பேரை வெட்கப்பட வைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு நானே வெட்கப்பட்டது அன்றைக்குத்தான். நீ அந்தப் பழத்தைக் குப்பையில் போட்டதையும் கேட்டேன், பிரபு.

இந்தக் கடிதத்தையும் நீ சந்தேகப்படலாம், படு. சாவு பயத்தில் எழுதுகிறானா, தேவராஜுக்காக எழுதுகிறானா, பேரப்பிள்ளை வரப்போகிறது என்று எழுதுகிறானா என்று நானே எனக்குள் கேட்டுப் பார்த்தேன். மூன்றும் இருக்கிறது. காயத்ரியின் செக்கப் ஃபைலையும் ஒரு நாள் திருட்டுத்தனமாக எடுத்துப் பார்த்தேன். கர்ப்பிணிகளுக்கு இந்த வைரஸ் டெஸ்ட் எடுப்பார்கள், அவளுக்கு இல்லை என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு பாத்ரூமுக்குப் போய் அழுதேன். ஆனால் அது அவளுடைய ரத்தம். உன்னுடையதும் உன் அம்மாவுடையதும் எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருந்தேனே, அதற்கு மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

திங்கட்கிழமை வேறு ஆஸ்பத்திரி வேண்டாம். அந்த சர்ஜன் அம்மாவிடமே போகலாம். அவர் லேப் சரியாகத்தான் சொன்னது. உன்னை வெளியே நிற்கவைக்காமல் உன் எதிரிலேயே நான் அவரிடம் எல்லாவற்றையும் சொல்கிறேன், முகாமுக்குப் பிறகு வந்த கடிதம் முதல் சொந்தச் சர்க்கரை வரை. டிராயரைத் திறந்து மாத்திரையை எடுத்துக் கொடு. எண்டோஸ்கோபிக்குக் கையெழுத்துப் போடு. எல்லாம் பார்த்துவிட்டு, ஈரல் தாங்கும், வெட்டலாம் என்றால் நான் படுத்துக்கொள்கிறேன். தாங்காது, கத்தி வேண்டாம், மருந்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றால் அதையும் கேட்டுக்கொள்வோம். அப்படிச் சொன்னால் அவர்மேல் பாயாதே. நான் கெடுத்துக் கொண்டுவந்த சரக்கை வைத்துத்தான் அவர் வேலை பார்க்க வேண்டியிருக்கிறது.

பச்சை ஃபைலைக் கிழித்துப் போடாதே. நம் பிளாண்டில் ரிஜெக்ட் ஆன பீஸுக்குச் சிவப்பு பெயின்ட் அடிப்போம், யாரும் தெரியாமல் எடுத்து மெஷினில் மாட்டிவிடக் கூடாது என்று. அதே மாதிரி பதினோரு தாளிலும் என் பேரைச் சிவப்பில் அடித்துவிட்டு தேவராஜ் என்று எழுதி டாக்டரிடம் காட்டு. இந்தக் கடிதத்தை நான் மடித்து ஒட்டவில்லை. காயத்ரி படிக்கட்டும். அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டு, ஹாலில் படுத்த கதை வரும்போது கொஞ்சம் நிறுத்து, அவள் அழுது முடிக்கட்டும். தோன்றினால் கம்பெனி கேன்டீனிலும் ஒட்டச் சொல். வேன் வரும்போது அங்கே இன்னும் எவனாவது இன்னொருவன் கார்டை மாட்டிக்கொண்டு நிற்கலாம், நின்றால் அவனை அனுப்பியவன் இதைப் படிக்கட்டும்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து வரும் நேரத்துக்கு தேவராஜ் வீட்டுக்குப் போ. வாசலிலேயே நின்று மாமா என்று கூப்பிடு. அவன் ஒன்றும் கேட்க மாட்டான், உள்ளே வா என்றுதான் சொல்லுவான். அவன் வருவான் என்றால் திங்கட்கிழமை நம்மோடு கூட்டிக்கொண்டு வா, எனக்குப் பக்கத்தில் அவன் இருந்தால் எனக்கு தைரியமாக இருக்கும்.

அன்றைக்கே நீயும் அம்மாவும் ரத்தம் கொடுங்கள். இல்லையென்று வந்தால் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், இருக்கிறதென்று வந்தால் மாத்திரை இருக்கிறது, கம்பெனி கேட்டைப் பற்றி யோசிக்காதே. லேபில் உன் பேரை எழுதி டியூபில் ஒட்டுவார்கள். ஒட்டுவதற்கு முன்னால் அதை ஒரு தடவை படித்துப் பார். நான் உனக்குச் சொல்லிக்கொடுத்ததில் உருப்படியானது அது ஒன்றுதான். படித்துவிட்டுக் கையை நீட்டு பிரபு, உன் கையை நீயே நீட்டு.

உன் நைனா